கண்தான் தராசு

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'மொராக்கோ வீட்டுச் சமையலும் குடும்ப நினைவுகளும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். சமையல் குறிப்பு கிடைக்கும் என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்தவர்கள் அதை இப்போதே மூடிவைத்துவிடலாம். எனக்குச் சமைக்கத் தெரியாது. மூன்றாண்டு அந்த ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டவன், அவ்வளவுதான். சமைத்துப் பார்த்தவர் என் மனைவி. அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் நான் தப்பாக ஏதாவது சொன்னால் அங்கிருந்தபடியே திருத்துவேன் என்று வீட்டிலேயே எச்சரித்துவிட்டார்.

எங்களை அங்கே கொண்டுபோனது பாஸ்பேட். உலகில் கண்டறியப்பட்ட பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவின் கையில் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் அமிலம் கப்பலேறி நம் நாட்டு உரத் தொழிற்சாலைகளுக்கு வருகிறது. அந்த வேலையாக 2008இல் ஜோர்ஃப் லஸ்ஃபர் துறைமுகத்துக்கு என்னை அனுப்பினார்கள். பக்கத்து ஊரான எல் ஜதீதாவில், கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், உள்ளூர்க்காரர். அவர் மனைவி ஃபெஸ் நகரத்தவர். நாங்கள் அவரை 'லல்லா' என்று அழைத்தோம். பெண்களை மரியாதையாக அழைக்க அங்கே அதுதான் சொல். என் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு; வால்வு, குழாய், அழுத்தம் தாண்டி எதுவும் பேச வராது. என் மனைவி ஆறே மாதத்தில் லல்லாவின் அடுப்படியிலேயே ஊர் அரபியான தாரிஜாவைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை என்றால் அங்கே கூஸ்கூஸ். மதியம் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து திரும்புவார்கள். நானும் அலுவலகத்திலிருந்து வந்துவிடுவேன். தாழ்வான வட்ட மேசை, சுவரோரம் நீளமான மெத்தைகள். ஆவி பறக்க ஒரு பெரிய மண் தாம்பாளம் நடுவில் வந்து இறங்கும். மணிமணியாக உதிர்ந்த ரவைக் குவியல், அதன்மேல் கோபுரம்போலச் சாய்த்து அடுக்கிய கேரட், டர்னிப், பரங்கிக்காய், சுரைக்காய், முட்டைக்கோஸ், அவற்றின் இடுக்குகளில் கொண்டைக்கடலை. ஏழு காய் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இறைச்சி அவற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும். தனித்தட்டு கிடையாது. ஒரே தாம்பாளத்தில் எல்லோரும் சாப்பிடுவோம். அவரவர் எதிரில் இருக்கும் பங்கோடு கை நிற்க வேண்டும். அடுத்தவர் பக்கம் போகக்கூடாது. இறைச்சியை லல்லா தன் கையால் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவார். விருந்தாளி என்பதால் என் பக்கம் எப்போதும் கொஞ்சம் மேடாக இருக்கும். 'குல், குல்' என்பார். சாப்பிடு, சாப்பிடு. கூடவே ஒரு குவளை மோர். ஆசிரியர் ஒரு பிடி ரவையை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கிக் குலுக்கி, எலுமிச்சை அளவு உருண்டையாக்கி வாயில் போட்டுக்கொள்வார். பிறந்ததிலிருந்து சோற்றை உருட்டிச் சாப்பிட்டவன் நான். என் கையில் அது ஒருநாள்கூட உருளவில்லை. கடைசியில் கரண்டி கொடுத்துவிட்டார்கள்.

இது என் நினைவு. மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு ஒரு குட்டித் தூக்கத்தில் முடிந்துவிடும்.

என் மனைவியின் நினைவு வியாழக்கிழமை இரவு கொண்டைக்கடலை ஊறப்போடுவதில் தொடங்குகிறது. கீழே ஒரு பானை, அதில் இறைச்சியும் வெங்காயமும் காயும் கொதிக்கும். மேலே அடியில் துளையிட்ட பாத்திரம், அதில் ரவை. நம் புட்டுக்குடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் ஆவி கசிந்தால் மேலே இருப்பது வேகாது. அதனால் ஒரு துணிப்பட்டையை மாவுக் கரைசலில் நனைத்து அந்த மூட்டைச் சுற்றி இறுக்குவார்கள். 'குஃபால்' என்பார்கள், பூட்டுவது என்ற பொருளில் வரும் சொல். லல்லாவின் பட்டை ஒரு பழைய படுக்கை விரிப்பிலிருந்து கிழித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் துவைத்துச் சமையலறை ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருப்பார். மாடிப்படி ஏறும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். இந்த வீட்டில் யாருக்கோ காலில் ஆறாத புண் இருக்கிறது, பாவம், என்று வெகு நாள் நினைத்திருந்தேன்.

ரவையை ஆவியில் இரண்டு முறை வேகவைத்து...

(மூன்றாவது வரிசையிலிருந்து: "மூன்று முறை!")

மூன்று முறை. நன்றி. ஒவ்வொரு முறையும் ஆவி வந்ததும் ரவையை ஓர் அகன்ற தாம்பாளத்தில் கொட்டித் தண்ணீரும் உப்பும் தெளித்து, எண்ணெயோ வெண்ணெயோ தடவி, கட்டிகளை விரலால் உதிர்க்க வேண்டும். ஆறட்டும் என்று காத்திருக்க முடியாது. ஆறினால் கட்டி இறுகிவிடும். கை பொறுக்கும் சூடு என்று நாம் சொல்கிறோமே, அதற்கு மேலே இரண்டு படி. லல்லாவின் விரல் நுனிகளில் கைரேகையே வழவழப்பாகிவிட்டது என்பார் என் மனைவி. என் மனைவியின் இடது மணிக்கட்டிலும் பானை ஆவி போட்ட ஒரு தழும்பு இருக்கிறது, நாலணாக் காசு அளவில். லல்லா இளம்பெண்ணாக இருந்தபோது கடையில் பாக்கெட் வாங்கும் வழக்கமும் இல்லையாம். ரவையில் உப்புத் தண்ணீர் தெளித்து, மாவு தூவி, உள்ளங்கையால் வட்டமாக உருட்டி உருட்டி மணியாக்கி, சல்லடையில் சலித்து வெயிலில் உலர்த்துவார்கள். பெண்கள் கூட்டமாகக் கூடி நாள் முழுக்கச் செய்யும் வேலை. முழங்கை வலி வந்த பிறகுதான் பாக்கெட்டுக்கு மாறினார்.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ கூஸ்கூஸைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அல்ஜீரியா, மொராக்கோ, மவுரித்தேனியா, துனீசியா நான்கும் சேர்ந்து கேட்டுப் பெற்றன. இவற்றில் அல்ஜீரியாவும் மொராக்கோவும் 1994 முதல் தங்களுக்கிடையே உள்ள தரை எல்லையை மூடிவைத்திருப்பவை! அந்தப் பட்டியலின் வாசகத்தைக் கவனித்தால், கூஸ்கூஸைச் செய்வதும் உண்பதும் சார்ந்த அறிவு, திறன், பழக்கம் என்று இருக்கும். செய்வது முதலில், உண்பது பிறகு. தாம்பாளத்தில் வந்து இறங்கியதை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதில் இரண்டாம் இடம்தான்.

இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இன்று வந்தேன். மொராக்கோ உணவைப் பற்றி உருகி உருகி எழுதுபவர்களைப் பாருங்கள். பாட்டி மண்சட்டியில் வேகவைத்த தஜீன், பாட்டியின் ஹரீரா சூப், ரமலான் மாலையில் பேரீச்சையோடு பாட்டி நீட்டிய கிண்ணம். எல்லாம் உண்மைதான். ஆனால் எழுதுபவர் பெரும்பாலும் சாப்பிட்டவர். பாட்டி எழுதினால் அந்தக் கட்டுரை எப்படி இருக்கும்? லல்லாவிடம் என் மனைவி அதைக் கேட்டிருக்கிறார், சுற்றி வளைத்து. ரமலானில் பிடித்தது எது என்று. லல்லா யோசிக்காமல், 'நோன்பு முடிந்த மறுநாள் காலை காப்பி' என்றாராம்.

லல்லாவுக்குத் தன் நினைவு என்று ஒன்று இருந்தது. அதை அவர் யாரும் கேட்காமலே சொல்வார்: ஃபெஸ் நகரத்து ரொட்டி அடுப்பு. பழைய ஃபெஸ் நகரில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு பள்ளிவாசல், ஒரு நீரூற்று, ஒரு குளியல் கூடம், ஒரு குர்ஆன் பள்ளி, ஒரு பொது அடுப்பு. அந்த அடுப்புக்கு 'ஃபர்ரான்' என்று பெயர். வீட்டில் காலையில் மாவு பிசைந்து, வட்டமாகத் தட்டி, பலகையில் துணி போட்டு மூடிப் பிள்ளைகள் தலையில் ஏற்றி அனுப்புவார்கள். 1950களில் லல்லா அப்படிச் சுமந்த சிறுமி. சந்து இவ்வளவு அகலம், எதிரே கழுதை வரும், கழுதைக்காரர் 'பாலக், பாலக்' என்று கத்துவார், வழி விடு என்று. சுவரோடு ஒட்டிக்கொண்டு பலகையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். ரொட்டி கீழே விழுந்தால் அடி விழும்; எடுத்து முத்தமிட்டு யார் காலும் படாத உயரத்தில் வைத்துவிட்டுத்தான் அழ வேண்டும்.

ஒரே அடுப்பில் ஐம்பது வீட்டு ரொட்டி வேகும். எது யாருடையது என்று தெரிய, சில வீடுகள் முத்திரை குத்தி அனுப்பும், சில வீடுகள் விரலால் ஓட்டை போட்டு அனுப்பும். அடுப்புக்காரருக்கு அடையாளமே வேண்டாம் என்பார் லல்லா. எந்த வீட்டு மாவு எந்த நிறம், யார் சோம்பு போடுவார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டு ரொட்டி கூட வந்தால் அந்த வீட்டுக்கு விருந்தாளி. கோதுமை குறைந்து வாற்கோதுமை கூடினால் அந்த வீட்டில் பணமுடை. பேட்டையின் ரகசியம் முழுக்க அந்த ஒரு மனிதரின் நீளக் கரண்டியில் இருந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து ஒன்றும் வெளியே வராது. எல் ஜதீதா வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது. ரொட்டி நன்றாகவே வந்தது. லல்லாவுக்கு அது ஒருபோதும் ருசித்ததில்லை. காரணம் கேட்டால் அடுப்பின் மேல் பழி போடுவார். எனக்கென்னவோ, வீதியில் நடந்துபோகும் அந்தக் கால் மணி நேரம்தான் அவருக்குக் குறைந்தது என்று படுகிறது. வீட்டுப் பெண் குழந்தைக்கு வெளியே போகக் கிடைத்த சாக்கு அது.

அதே ஃபெஸ் வீட்டிலிருந்து இன்னொரு நினைவு உண்டு. அதைச் சொல்லும்போது லல்லாவின் குரல் தணிந்துவிடும். அவருடைய தாத்தா வீட்டில் ஒரு 'தாதா' இருந்தார். நம் செய்தித்தாளில் வரும் தாதா இல்லை. வசதியான வீடுகளில் சமைத்து, பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண்களை அங்கே அப்படி அழைப்பார்கள். சஹாராவைக் கடந்து விற்கப்பட்டு வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் மகள்கள். 1912இல் பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சி வந்த பிறகு வெளிப்படையான சந்தை விற்பனை நிறுத்தப்பட்டது. வீட்டுக்குள் இருந்தவர்களில் பலர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். போக வேறு இடம் இல்லை. இன்று உலகம் புகழும் ஃபெஸ் விருந்துச் சமையலில் பெரும்பங்கு அவர்கள் கையில் இருந்தது.

அந்தத் தாதா பஸ்தீலா செய்வாராம். புறாக்கறியும் முட்டையும் வறுத்த பாதாமும் வைத்து, மேலே சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவிய அடுக்கு ரொட்டி. அதன் மேலுறை தாளை விட மெல்லியது. பிசுபிசுப்பான மாவு உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கவிழ்த்துப்போட்ட சூடான செம்புத் தட்டின்மேல் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு சின்ன வட்டம் ஒட்டும். வட்டத்தின் ஓரத்தில் இன்னொரு வட்டம். அப்படியே சேர்ந்து ஒரு முழுத் தாள். ஒரு பஸ்தீலாவுக்கு இப்படிப் பல தாள் வேண்டும். லல்லா அந்தத் தட்டலின் சத்தத்தை நாக்கைச் சப்புக்கொட்டிச் செய்து காட்டுவார். சத்தம் அறுபது வருடமாக நினைவில் இருக்கிறது.

என் மனைவி கேட்டார்: "அவர் பெயர் என்ன?"

லல்லா ஒரு பெயரைச் சொன்னார். பிறகு, "அது எங்கள் வீட்டில் வைத்த பெயர்" என்றார்.

"சொந்த ஊர்?"

தெற்கே, என்று கையை வீசினார். சஹாரா முழுவதும் அந்தக் கை வீச்சுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அன்று அடுப்படியில் பேச்சே இல்லையாம்.

எல் ஜதீதாவின் நினைவு ஆசிரியருடையது. போர்த்துகீசியர் 1769இல் விட்டுப்போன கோட்டைக்குள் யூதர்களும் முஸ்லிம்களும் சுவரோடு சுவராகக் குடியிருந்த காலத்துப் பிள்ளை அவர். யூதர் வீடுகளில் சனிக்கிழமை அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை மாலையே இறைச்சி, கோதுமை, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, முழு முட்டை எல்லாம் போட்டு மூடிய பானையைப் பொது அடுப்பின் தணலில் விட்டுவிடுவார்கள். 'ஸ்கீனா' என்று பெயர். மறுநாள் மதியம் திறக்கும்போது முட்டை ஓட்டுக்குள்ளேயே பழுப்பாகியிருக்கும். அவர்களுடைய பஸ்கா விழாவின் எட்டு நாளும் வீட்டில் புளித்த மாவு இருக்கக்கூடாது. விழா முடியும் இரவில் முஸ்லிம் அண்டை வீட்டார் மாவும் வெண்ணெயும் தேனும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த மாவில் முதல் ரொட்டி சுடுவார்கள். மீமூனா என்ற அந்த இரவில் தட்டைச் சுமந்து போன சிறுவர்களில் ஆசிரியரும் ஒருவர். 1948 வாக்கில் மொராக்கோவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். இன்று சில ஆயிரம் பேர். 'ஒரு வருடம் தட்டோடு போனேன், கதவில் பூட்டு' என்று மட்டும் சொல்வார். மேலே எதுவும் பேசமாட்டார். இதுவும் சாப்பிட்டவர் நினைவுதான். பழுப்பு முட்டையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

எங்கள் கதைக்கு வருகிறேன். 2009இல் என் மாமனார் காலமானார். விமானம் பிடித்து வந்து சேரும் முன் எல்லாம் முடிந்துவிடும் என்ற நிலை. அன்று மாலை லல்லா படியேறி வந்தார். கையில் ஊதாத் தாள் சுற்றிய ஒரு கூம்பு. உள்ளே இரண்டு கிலோ சர்க்கரை, ஒரே கட்டியாக. எங்களுக்குத் திகைப்பு. சாவு வீட்டுக்குச் சர்க்கரையா? அங்கே கல்யாணத்துக்கும் அதைத்தான் கொண்டுபோவார்கள், துக்கத்துக்கும் அதைத்தான் கொண்டுபோவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. துக்கம் கேட்க வருபவர்களுக்கெல்லாம் புதினாத் தேநீர் போட வேண்டுமே, அதற்கு. எங்களிடம் துக்கம் கேட்க அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. லல்லாவே சுத்தியலால் ஒரு மூலையை உடைத்துத் தேநீர் போட்டு மூன்று முறை ஊற்றிக் கொடுத்தார். மிச்சக் கட்டி நாங்கள் ஊர் திரும்பும்வரை தீரவில்லை.

அடுத்த வருடம் லல்லாவின் மூத்த மகளுக்குப் பிரசவம். மூன்றாம் நாள் மாடிப்படியில் ஒரு வாசனை ஏறி வந்தது. வெந்தயம்! என் மனைவி செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினார். பிய்த்துப்போட்ட அடுக்கு ரொட்டியின் மேல் கோழியும் பயறும் வெந்தயமும் வேகவைத்து ஊற்றிய 'ர்ஃபீஸா'. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற. லல்லா தன் மார்பைத் தொட்டுக் காட்டி விளக்க ஆரம்பித்தாராம். என் மனைவி பாதியிலேயே தலையாட்டி, ஊரில் தன் அம்மா கிளறித் தந்த வெந்தயக் களியைத் தனக்குத் தெரிந்த தாரிஜாவில் விவரித்தாராம். அதில் வெல்லத்துக்குச் சொல் கிடைக்காமல் இருவரும் அரை மணி நேரம் திண்டாடியது தனிக் கதை.

இப்போதும் மாதம் ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறார்கள். ஆசிரியர் இல்லை. லல்லா எண்பதை நெருங்குகிறார். 2025இல் பக்ரீதுக்கு முன்பு அழைத்தபோது குரலில் சுரத்தே இல்லை. தொடர்ந்து வறட்சி, நாட்டின் ஆட்டு மந்தை 2016 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் 38 விழுக்காடு குறைந்துவிட்டது. அந்த ஆண்டு குர்பானி கொடுக்க வேண்டாம் என்று மன்னர் ஆறாம் முகம்மது மக்களைக் கேட்டுக்கொண்டார். இவர் தந்தை இரண்டாம் ஹசன் 1996இல் இப்படிக் கேட்டதுண்டு. குர்பானி இல்லையென்றால் 'க்லீஉ' இல்லை. இறைச்சியை நீளநீளமாக அரிந்து, பூண்டும் தனியாவும் சீரகமும் உப்பும் தடவி, மொட்டைமாடிக் கொடியில் காயவிட்டு, பிறகு கொழுப்பிலேயே வேகவைத்து ஜாடியில் அடைப்பது. ஃபெஸ்காரர்களுக்கு அது வருடம் முழுக்கக் காலை முட்டையோடு வேண்டும். 'கொடி காலியாக இருக்கிறது' என்றார் லல்லா. பிறகு சிரித்துக்கொண்டே, 'ஈ விரட்டும் வேலை மிச்சம்' என்றார். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் வைப்பது என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. வருத்தம் என்கிறேன் நான். நிம்மதி என்கிறார் இவர்.

லல்லாவின் இளைய மகள் நெதர்லாந்தில் இருக்கிறாள். அந்த நாடு 1969இல் ஒப்பந்தம் போட்டு மொராக்கோத் தொழிலாளர்களை வரவழைக்கத் தொடங்கியது. அப்படிப் போன குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். அங்கே போய்தான் அவளுக்குச் சமைக்கும் ஆசை வந்தது. அம்மாவை அழைத்து அளவு கேட்பாள். எவ்வளவு தண்ணீர்? எவ்வளவு உப்பு? லல்லாவின் பதில் ஒன்றுதான்: 'ஐனெக் மீஸானெக்.' உன் கண்தான் உன் தராசு. அந்த ஊர் அடுப்படிகளில் இதைச் சொல்லாத அம்மா கிடையாது. மகளுக்கு அழுகையே வரும்.

ஒரு கோடை விடுமுறையில் வரும்போது மின்தராசு ஒன்று வாங்கிவந்தாள். ஐந்து கிலோ வரை நிறுக்கும். அம்மாவுக்குத் தெரியாமல் மாவு டப்பாவையும் உப்புக் கிண்ணத்தையும் சமையலுக்கு முன்பும் பின்பும் நிறுத்துக் குறித்துக்கொண்டாள். இரண்டு வாரம். ஒரு நாள் எண்ணுக்கும் மறுநாள் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ஈரக்காற்று அடித்த நாளில் தண்ணீர் குறைவு, புது மாவு வந்த நாளில் அதிகம், பேரன் வந்த நாளில் உப்பு பாதி. ரொட்டி மட்டும் பதினாலு நாளும் ஒரே ரொட்டி. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாள். தராசை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அது இப்போது லல்லாவிடம்தான் இருக்கிறது. மகள் ஒவ்வொரு முறை ஊருக்கு வந்து திரும்பும்போதும் எடுக்கிறார். உப்பில் ஊறிய எலுமிச்சை ஜாடி, வருடக்கணக்கில் புளித்த 'ஸ்மென்' வெண்ணெய், ஆலிவ், மசாலாப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்து, பேரனை எழுதச் சொல்கிறாராம். விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். போன முறை கூட்டிப் பார்த்தபோது முந்நூறு கிராம் அதிகம் வந்தது. மகளின் சட்டை ஒன்றை எடுத்து வெளியே வைத்தார்.